பலானுபவியின் வண்டி

இந்தியாவில் வறுமையை ஒழிப்பதற்கென்று தொண்ணூறுகளில் கிளம்பிய அத்தனை திட்டங்களும் ஒரே ஆளிடம் வந்து தோற்றுப்போயின என்றால் நீங்கள் நம்பமாட்டீர்கள். நான் நேரில் பார்த்தவன். அந்த ஆள் மைசூரில், ஹெப்பாள் தொழிற்பேட்டைக்குப் பின்னால், தகரக் கூரை போட்ட ஒரு வீட்டில் குடியிருந்தார். தேனீ அவரிடம் தோற்றது. முயல் தோற்றது. பினாயில் தோற்ற கதையைத் தனியாகச் சொல்ல வேண்டும். அவர் மட்டும் ஒவ்வொரு திட்டமும் படுத்த பிறகு மீசையை முறுக்கிக்கொண்டு, "அடுத்தது என்னங்க சார்?" என்று வந்து நிற்பார்.

அப்போது நான் அங்கே ஒரு தொண்டு நிறுவனத்தில் அறிக்கை எழுதிக்கொண்டிருந்தேன். என் இலக்கியப் படிப்பை வேறு எந்த அலுவலகமும் சீந்தாததால் கிடைத்த வேலை அது. கன்னடத்தில் நடப்பதைப் பார்த்து, தமிழில் யோசித்து, ஆங்கிலத்தில் எழுத வேண்டும். நடுவில் எங்காவது உண்மை உதிர்ந்துபோனால் அதற்கு நான் பொறுப்பல்ல. மூன்று மொழி தாண்டிப் போகிற எந்தச் சரக்கும் கொஞ்சம் உதிரத்தான் செய்யும்.

நிறுவனத்தை நடத்தியவர் ஒரு கன்னடத்து அம்மாள். எல்லாருக்கும் மேடம். வெளிநாட்டில் படித்தவர், நல்லவர், தன் சம்பளத்தைக்கூடச் சில மாதம் எடுக்காமல் விட்டுவிடுகிறவர். ஒரே ஒரு பலவீனம்: சின்ன வார்த்தையைச் சின்ன வார்த்தையாக விடமாட்டார். "பசிக்குது" என்று யாராவது சொன்னால், அவர் வாயில் அது "உணவுப் பாதுகாப்பின்மை" ஆகிவிடும். "கிணறு வத்திப்போச்சு" என்றால் "நீர்வள நெருக்கடி". அவர் காதில் விழுந்த எதுவும் ஒரு படி உயர்ந்துதான் வெளியே வரும்.

அவர்தான் நம் ஆளுக்குப் பெயர் வைத்தார், தெரியாமலேயே.

ஹெப்பாள் குடிசைப் பகுதியில் முதல் கூட்டம். பெரும்பாலும் மார்டள்ளி, கௌதள்ளிப் பக்கத்து எல்லையோர ஊர்களிலிருந்து கட்டட வேலைக்கும் ஃபாக்டரி வேலைக்கும் வந்த, தமிழ் பேசுகிற நம்மவர்கள். கர்நாடகத்தில் அரசாங்கமோ வேறு யாருமோ உதவி கொடுத்தால், அதை வாங்குகிறவருக்கு 'ஃபலானுபவி' என்று பெயர். பலனை அனுபவிப்பவர். தமிழில் நாம் பயனாளி என்கிறோம். மேடம் முன்வரிசையில் உட்கார்ந்திருந்த மீசைக்காரரைக் காட்டி, "இவரே நம்ம மொதல்னே ஃபலானுபவி!" என்று அறிவித்தார். எல்லாரும் கைதட்டினார்கள். மீசைக்காரர் எழுந்து நின்று, மெதுவாகத் துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டார்.

கூட்டம் முடிந்ததும் என்னைத் தனியே இழுத்தார்.

"சார், அந்தம்மாவுக்கு எப்பிடிங்க தெரிஞ்சுது?"

"என்ன தெரிஞ்சுது?"

"நான் பல அனுபவம் பட்டவன்னு. பல அனுபவின்னு மொகத்தைப் பாத்தே சொல்லிப்போட்டாங்களே!"

நான் மொழியியல் கொஞ்சம் வாசித்தவன். விடுவேனா? "அது பல அனுபவி இல்லீங்க. பலன், அனுபவி. பலனை அனுபவிக்கறவர்னு அர்த்தம்."

அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "பலனா? எங்கீங்க இருக்குது? இன்னும் ஒண்ணுமே குடுக்கலீங்களே. எங்கிட்ட இருக்கறது அனுபவந்தானுங்களே சார்."

அத்தோடு மொழியியல் வீட்டுக்குப் போய்விட்டது. அன்றிலிருந்து ஹெப்பாள் முழுக்க அவர் பலானுபவிதான். பெற்றோர் வைத்த பெயரை அவரே மறந்துவிட்டார் என்று நினைக்கிறேன். எனக்கு அது கடைசிவரை தெரியாது. பட்டம் வந்ததும் பொறுப்பும் வந்தது. கல்யாணம், கைவலி, கோர்ட்டுக் கேஸ், பிள்ளையை எந்தப் பள்ளியில் போடுவது என எது கேட்டாலும் தயங்காமல் ஆலோசனை சொல்வார். பெரும்பாலும் தப்பாகத்தான் இருக்கும். ஆனால் அவர் குரலில் இருந்த உறுதியை நான் பிற்பாடு பொருளாதார நிபுணர்களிடம் மட்டுமே கேட்டிருக்கிறேன்.

இவ்வளவு அனுபவத்துக்கும் நடுவில் அவருக்கென்று ஒரு தொழில் இருந்தது. ஃபாக்டரி கேட்டுக்கு எதிரே, ஷிஃப்ட் முடிகிற நேரத்தில், மணலில் கடலைக்காய் வறுத்து விற்பார். வண்டி அவருடையதல்ல. ஊரில் ஏழெட்டுத் தள்ளுவண்டி வைத்து வாடகைக்கு விடுகிற ஒருவருடையது. அந்த மனிதருக்கு வருஷம் முழுக்க இரக்கம் உண்டு, தசராவைத் தவிர. தசரா வந்தால் மைசூர் முழுக்க ஜனம். பொருட்காட்சி வாசலில் நின்றால் மண்ணையே பொட்டலம் கட்டி விற்கலாம். அந்தச் சமயம் பார்த்து, காரப்பொரி கலந்து விற்கிற சுர்முரிக்காரரோ பலூன்காரரோ வாடகையைக் கூட்டித் தந்து வண்டியைத் தள்ளிக்கொண்டு போய்விடுவார். விற்கிற காலத்தில் வண்டி இல்லை, வண்டி இருக்கிற காலத்தில் விற்பனை இல்லை. கொதிக்கிற மணல் கடாயைத் தலையில் சுமந்துகொண்டு தெருத்தெருவாகப் போகவும் முடியாது.

ஆகவே அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான். சொந்தமாக ஒரு தள்ளுவண்டி. முதல் கூட்டத்திலும் அதைத்தான் கேட்டார்.

மேடம் கன்னடத்தில் சொன்னதைத் தமிழில் தருகிறேன், பழைய தொழில் மறக்கவில்லை: "தள்ளுவண்டிக்குத் திட்டம் இல்லை. நாம் பார்ப்பது நீடித்த, நிலையான வளர்ச்சி."

"நான் வருசக்கணக்கா அதே கேட்டு முன்னால நெலையாத்தானுங்களே நிக்கறேன்?" என்றார் பலானுபவி.

மேடம் சிரித்துவிட்டுப் பினாயில் கொடுத்தார்.

அந்த வருஷம் பினாயில் தயாரிப்புத்தான் வந்திருந்தது. பயிற்சி பிரமாதமாக நடந்தது. பாட்டில் பாட்டிலாகத் தயாரித்தார்கள். பிறகுதான் ஒரு சின்னச் சங்கடம் தெரிந்தது: அந்தக் குடிசைகளில் எல்லாம் மண் தரை. பலானுபவி அசரவில்லை. வீணாக்கக் கூடாதென்று வீட்டைச் சுற்றித் தினமும் தெளித்தார். ஆஸ்பத்திரி வாசனை அடித்ததால் பக்கத்துப் பகுதியிலிருந்து ஜனங்கள் காய்ச்சல் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு அவர் வாசலில் வரிசையில் நின்றார்கள். இவரும் ஒருவரைக்கூட ஏமாற்றாமல், நாக்கை நீட்டச் சொல்லிப் பார்த்து, "ஒண்ணுமில்லீங்க, பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்க" என்று அனுப்பிவைத்தார். அவர் சொன்ன ஆலோசனைகளில் சரியாக இருந்தது அது ஒன்றுதான்.

அடுத்தது தேனீப் பெட்டி. தொழிற்பேட்டையில் பூவுக்கு எங்கே போவது? தேனீக்கள் யோசித்துப் பார்த்து, பஸ் ஸ்டாப் பக்கத்து மிட்டாய்க் கடைக்கு வேலைக்குப் போக ஆரம்பித்தன. கடைக்காரர் துண்டால் முகத்தை மூடிக்கொண்டு சண்டைக்கு வந்தார். அந்தத் தேனை நான் ருசி பார்த்தேன். சத்தியமாகச் சொல்கிறேன், ஜிலேபி வாசனை அடித்தது.

"எப்பிடி இருக்குதுங்க சார்?"

"நல்லாத்தான் இருக்கு. தேன் மாதிரி இல்லை."

"அதுவும் ஒரு அனுபவந்தானுங்க," என்றார். "சார், அந்த வண்டி விசயம்..."

வண்டி விஷயம் வரவில்லை. முயல் வந்தது. வளர்த்துக் கறிக்கு விற்க வேண்டும் என்பது திட்டம். அவர் மனைவி ரத்தினா வந்த அன்றே இரண்டுக்கும் பெயர் வைத்துவிட்டார். ஒன்று மகாலட்சுமி, ஒன்று சரஸ்வதி. இரண்டாவது ஆண் என்பது பிறகுதான் தெரிந்தது.

"விக்கலையா?" என்று மாதாமாதம் நான் கேட்பேன், அறிக்கை எழுத வேண்டுமே.

"மகாலட்சுமியை எப்பிடீங்க கறிக்கடைக்கு அனுப்பறது?" என்பார் ரத்தினா. "நீங்க அனுப்புவீங்களா?"

சாமிப் பெயர்கள் தீர்கிற வேகத்தில் முயல்கள் பெருகின. அடுத்த வீட்டுச் சுவருக்கடியில் வளை தோண்டி, ஒரு மழையில் சுவரே சாய்ந்தது. அந்தச் சமயத்தில்தான் எங்கள் ஃபோட்டோகிராஃபர் வந்து, மகாலட்சுமியை நெஞ்சோடு அணைத்தபடி மீசைக்காரர் சிரிக்கிற படத்தை எடுத்தார். ஆண்டறிக்கையின் அட்டையில் அதுதான். பெரிதாக்கி அலுவலகச் சுவரிலும் மாட்டினோம். வறுமை ஒழிந்ததற்கு அதைவிட நல்ல முகம் எங்களுக்குக் கிடைக்கவில்லை.

படத்தைப் பார்த்துத்தான் பணம் கொடுக்கிற வெளிநாட்டு அம்மையார் ஒருவர் நேரில் கிளம்பி வந்தார். நெட்டையாக, அன்பாக, எதைக் கண்டாலும் ஆச்சரியப்படுகிறவராக இருந்தார். குடிசைப் பகுதியில் நாற்காலி போட்டு உட்காரவைத்தோம். பலானுபவி வெளுத்த சட்டையில் எதிரே நின்றார். அவர் மேடத்துக்காகக் கன்னடத்தில் பேச, மேடம் அதை ஆங்கிலத்துக்கு உயர்த்த வேண்டும் என்று ஏற்பாடு.

முயலிடமிருந்து என்ன கற்றுக்கொண்டீர்கள் என்று கேட்டார் அம்மையார்.

"நல்ல பிராணிதானுங்க. ஆனா நாங்க தின்னறதையே அதும் தின்னுது."

மேடம்: "இயற்கையோடு உணவைப் பகிர்ந்து வாழ்வதாகச் சொல்கிறார்."

"பக்கத்து வீட்டுச் செவுத்தைச் சாச்சுப்போடுச்சு."

"உள்கட்டமைப்பில் சில சவால்கள் உண்டு என்கிறார்."

அம்மையாருக்குக் கண் கலங்கியது. கடைசியாக, இப்போது உங்களுக்கு மிகவும் தேவைப்படுவது என்ன என்று கேட்டார். பலானுபவி ஒரு நொடி ரத்தினாவைப் பார்த்தார். தசராவுக்கு இன்னும் மூன்று மாதம் இருந்தது. கைகளைக் கட்டிக்கொண்டு, ரொம்பவும் தெளிவாகச் சொன்னார்:

"ஒந்து காடி பேக்கு."

ஒரு வண்டி வேணும். இதில் குழப்பத்துக்கு இடமே இல்லை என்று நீங்கள் நினைப்பீர்கள். கன்னடத்தில் 'காடி' என்றால் தள்ளுவண்டியும் காடிதான், மாட்டு வண்டியும் காடிதான், பஸ்ஸும் காரும் காடிதான். மேடம் ஒரு கணம் யோசித்தார். காடி அவர் வாய்க்குள் போனது. வெளியே வரும்போது, "இந்தச் சமூகத்தின் அடிப்படைப் பிரச்சினை மொபிலிட்டி" என்று வந்தது.

அம்மையார் மேடத்தின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். எல்லாருக்கும் டீ வந்தது.

தசராவுக்குச் சில வாரம் முன்னால், மைசூரில் கோகுலம் பகுதியிலிருந்த எங்கள் அலுவலக வாசலில் வந்து நின்றது ஒரு புத்தம் புதிய வெள்ளை ஜீப்.

பூஜை போட்டோம். நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்தோம். தேங்காய் உடைக்கப் பலானுபவியைத்தான் கூப்பிட்டோம், அட்டைப்பட நாயகர் அல்லவா? குடும்பத்தோடு வந்தார். தேங்காயை உடைத்துவிட்டு, ஜீப்பின் பானெட்டைத் தடவி மனைவியிடம் சொன்னார்:

"பாத்தியா? கேட்டேன், வந்துருச்சு."

ரத்தினா ஜீப்பை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். "ஏனுங்க, இதுல கடாயை எங்கீங்க வெக்கறது?"

"பொறத்தால கதவைத் தொறந்து வெச்சா ஆச்சு."

"மணல் சூட்டுல சீட்டு வெந்துராதுங்களா?"

"சீட்டைக் கழட்டிப்போட்டாப் போகுது. கடலை என்ன உக்காந்துட்டா வரப்போகுது?"

முதலில் டிரைவர் சிரித்தார். பிறகு நாங்கள் எல்லாரும் சிரித்தோம். அவர்கள் இருவரும் சிரிக்கவில்லை என்பது கொஞ்சம் தாமதமாகத்தான் தெரிந்தது.

மேடம் பொறுமையாக விளக்கினார், "இது ப்ராஜெக்ட் காடி."

"ப்ராஜெக்ட்டு யாருங்க மேடம்?"

"யாருன்னா... நீங்க எல்லாரும்தான். சமூகம்."

"சமூகத்துல நான் இல்லீங்களா?"

"இருக்கீங்க."

"காடி வேணும்னு கேட்டது யாருங்க?"

மேடம் என்னைப் பார்த்தார். நான் எலுமிச்சம்பழத்தைப் பார்த்தேன்.

"நீங்கதான்," என்றார் மேடம்.

"அப்பச் சரிங்க. டிரைவர் தம்பி, கொஞ்சம் நெழலுக்குத் தள்ளி நிறுத்தப்பா. பெயின்ட்டு வெளுத்துரும்."

எனக்கு ஆவல் அடங்கவில்லை. "உங்களுக்கு ஜீப் ஓட்டத் தெரியுமா?" என்று கேட்டேன்.

"கடலை வண்டி எதுக்குங்க சார் ஓடணும்? நிக்கத்தானே வேணும்?"

மறுநாளிலிருந்து அவர் அலுவலகத்துக்கு வர ஆரம்பித்தார். வாடகை வண்டி வழக்கம்போலச் சுர்முரிக்குப் போய்விட்டிருந்தது. காலையில் வந்து ஜீப்பைத் துடைப்பார். அப்புறம் பின் சீட்டில் ஏறி உட்கார்ந்துகொள்வார். இறங்கச் சொல்ல யாருக்கும் வாய் வரவில்லை. மகாலட்சுமியோடு சிரிக்கும் அந்தப் படம் சுவரில் அவ்வளவு பெரிதாக இருக்கும்போது, அதே மனிதரைக் கீழே இறங்கு என்று எப்படிச் சொல்வது?

ஆக, நாங்கள் கிராமங்களுக்குப் போனால் அவரும் வந்தார். வழியெல்லாம் டிரைவருக்கு யோசனை சொன்னார். ஹனூர்ப் பக்கம் ஒரு ஊரில் ஜீப் நின்றதும் முதலில் இறங்கியவர் அவர்தான். வெள்ளைச் சட்டை, மீசை, தோளில் துண்டு. ஊர்க்காரர்கள் மேடத்துக்கு வைத்திருந்த மாலையைக் கொண்டுவந்து அவர் கழுத்தில் போட்டுவிட்டார்கள். அவர் மறுக்கவில்லை. பேசச் சொன்னார்கள். பேசினார்.

"நான் பல அனுபவிங்க. ஒண்ணே ஒண்ணு சொல்றேன். யாரு வந்து குடுத்தாலும் மொசலு மட்டும் வாங்கிப்போடாதீங்க."

அன்று நாங்கள் அந்த ஊருக்கு முயல் திட்டத்தோடுதான் போயிருந்தோம். சொந்தப் பயனாளியே சொன்ன பிறகு யார் வாங்குவார்கள்? முயல் எல்லாம் ஜீப்பிலேயே திரும்பின. பலானுபவி முன் சீட்டில், மாலையோடு. நான் பின்னால், முயல்களோடு.

இது இப்படியே போயிருந்தால் வெறும் வேடிக்கையாக முடிந்திருக்கும். ஒருநாள் மத்தியானம் ரத்தினா அலுவலகத்துக்கு வந்தார். உள்ளே வரவில்லை. ஜீப்பருகில் போய், பின் சீட்டிலிருந்த கணவரிடம் தாழ்ந்த குரலில் பேசினார். ஜன்னல் திறந்திருந்ததால் எனக்குக் கேட்டது.

"ஏனுங்க, பொருட்காட்சி வாசல்ல எல்லாரும் எடம் புடிச்சுட்டாங்க. நீங்க இங்க ராசா மாதிரி குந்தியிருக்கீங்க. இந்தத் தசராவுலயாவது வித்தாத்தானுங்களே பொங்கல் வரைக்கும் அரிசி? இதுக்குள்ள ஒக்காந்துட்டு இருந்தா அடுப்பு எரியுமா?"

அவர் சீட்டிலிருந்து இறங்கினார். கதவை, பெயின்ட்டில் விரல் படாமல், மெதுவாகச் சாத்தினார். பிறகு இருவரும் மேடத்தின் அறைக்குள் போனார்கள். என்ன ஆகப்போகிறது என்று தெரியாமல் நானும் பின்னால் போனேன்.

அன்று அவர் கன்னடத்தில் பேசவில்லை. கன்னடத்தில் கேட்டு என்ன வந்தது என்றுதான் பார்த்துவிட்டாரே. தமிழில் சொன்னார்:

"மேடம், யோசிச்சுப் பாத்தனுங்க. ஜீப்பு நல்ல ஜீப்புதான். கொறை சொல்லலை. ஆனா கடலைக்கு அது தோதுப்படாதுங்க. நீங்களே வெச்சுக்குங்க, சந்தோசமாத் தர்றேன். அதுக்குப் பதிலா ஒரு தள்ளுவண்டி பண்ணிக் குடுத்துருங்க. மாத்துக்கு மாத்து, சரியாப்போச்சு."

மேடத்துக்குத் தமிழ் அரைகுறை. என்னைப் பார்த்தார். என் உத்தியோக வாழ்க்கையிலேயே உயர்த்தாமல் தாழ்த்தாமல் நான் மொழிபெயர்த்தது அன்றுதான். "ஜீப்பை நமக்குக் கொடுத்துவிடுகிறாராம், மேடம். அவருக்குத் தள்ளுவண்டி வேண்டுமாம். கடலை வறுக்க."

"தள்ளுகாடியா?" என்றார் மேடம். "அதை முதலிலேயே சொல்லியிருக்கலாமே?"

நாங்கள் எல்லாரும் மேடத்தைப் பார்த்தோம். சுவரிலிருந்த மகாலட்சுமிகூட அவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது.

"மொதல்லேர்ந்து அதைத்தானுங்க சொல்லிட்டு இருக்கறாரு," என்றார் ரத்தினா.

மேடம் கண்ணாடியைக் கழற்றி வெகுநேரம் துடைத்தார். எந்தத் திட்டத்தின் பெயரையும் அவர் அன்று உச்சரிக்கவில்லை. தன் கைப்பையை எடுத்துக்கொண்டு, பலானுபவியோடு அதே ஜீப்பில் ஏறி, ஒரு தச்சரிடம் போனார். சைக்கிள் சக்கரம் நாலு, பலா மரப் பலகை, மழைக்குத் தகரக் கூரை. தச்சர் கொஞ்சம் இழுத்தடிக்கப் பார்த்தார். மேடம் தினமும் போய் எதிரே ஸ்டூல் போட்டு உட்கார்ந்துவிட்டார். இப்படிப் போய் உட்கார்ந்துகொள்வதை யாரிடம் கற்றார் என்று நான் கேட்கவில்லை.

வண்டி தயாரானதும், பக்கவாட்டில் எங்கள் நிறுவனத்தின் சின்னத்தை வரையலாமா என்று நான்தான் அசட்டுத்தனமாகக் கேட்டேன்.

"ஜீப்பு மேல என் பேரை எழுதச் சொன்னனுங்களா சார்?" என்றார் பலானுபவி.

எழுதவில்லை. அந்தத் தசராவில் பொருட்காட்சி வாசலில், பலூன்காரருக்கும் சுர்முரிக்காரருக்கும் நடுவில், சொந்த வண்டியின் பின்னால் அவர் நின்றார். ரத்தினா பொட்டலம் மடிக்க, அவர் வறுத்துக்கொண்டே கூட்டத்துக்கு யோசனை சொல்லிக்கொண்டிருந்தார். எந்தப் பஸ் எங்கே போகும் என்பது உட்பட எல்லாம் தப்பு. ஜனங்கள் வழி தவறித் திரும்ப அங்கேயே வந்து இன்னொரு பொட்டலம் வாங்கினார்கள்.

கூட்டம் கொஞ்சம் ஓய்ந்தபோது, வெகுநாளாக உறுத்திக்கொண்டிருந்ததைக் கேட்டுவிட்டேன். "நிஜமாச் சொல்லுங்க. ஜீப் உங்களுக்குத்தான் வந்துச்சுன்னு நம்பினீங்களா?"

கரண்டி நிற்கவில்லை. மணலைப் புரட்டிக்கொண்டே, "நம்பாமக் கேட்டாக் குடுப்பாங்களா சார்?" என்றார்.

அது அப்பாவித்தனமா, அசாத்திய சாமர்த்தியமா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. வறுமை பற்றி வந்த தடித்தடிப் புத்தகங்கள் பலவற்றைப் பிறகு படித்துப் பார்த்தேன். அவற்றிலும் இல்லை.

கொஞ்ச காலத்தில் அந்த வேலையை விட்டுவிட்டு ஹெப்பாளிலேயே ஒரு ஃபாக்டரியில், மிஷின்களைப் புகழ்ந்து எழுதுகிற உத்தியோகத்துக்குப் போனேன். சாயங்காலம் கேட்டைத் தாண்டி வரும்போதே எனக்கென்று ஒரு பொட்டலம் மடித்துக் கையில் வைத்திருப்பார் பலானுபவி. காசில் கறார். கடலையில் மட்டும் ஒரு பிடி கூடுதல். பஸ் கிளம்பும்வரை நின்று, நான் தின்கிறேனா என்று பார்ப்பார். கடலைக்காய் எனக்குச் சின்ன வயதிலிருந்தே ஒத்துக்கொள்ளாது, நாலு பருப்புத் தின்றாலும் நெஞ்சு எரியும். ஹெப்பாளில் இருந்த அத்தனை வருஷமும் நான் ஒரு பொட்டலத்தைக்கூட மிச்சம் வைத்ததில்லை.